சிறுத்துக்கொண்டே போன குப்பைக்கூடை

குப்பைக்கூடைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்த வேதசிரோமணி, ஒரு முருங்கைக்காய்ச் சக்கையை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏட்டி ஞானம், இது என்னது?"

தோசை ஊற்றிக்கொண்டிருந்த ஞானரத்தினம் திரும்பவில்லை. "முருங்கைக்காச் சக்க."

"அது தெரியுது. யாரு சாப்ட்டது?"

"நீங்கதான்."

"நானா? இம்புட்டுச் சதைய விட்டுவச்சு நான் துப்ப மாட்டேனே."

"அப்ப பக்கத்து வீட்டு ஏசம்மா சுவரேறிக் குதிச்சு வந்து நம்ம கூடையில துப்பிட்டுப் போயிருப்பா."

அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சக்கையைக் கூடைக்குள் போட்டுவிட்டு அடுத்து ஒரு வெங்காயச் சருகை எடுத்தார். தோசை கருகியது. ஞானரத்தினம் கரண்டியைச் சட்டியின் மேல் ஓங்கிப் போட்டாள்.

வேதசிரோமணி ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தார். மில்லில் அவருக்கு வேஸ்ட் செக்‌ஷன். மெஷினுக்குள் போகிற பஞ்சில் எவ்வளவு கீழே உதிர்கிறது, அதை எப்படிக் குறைப்பது என்பதுதான் உத்தியோகம். வாழ்நாள் முழுக்கக் கீழே விழுந்ததையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷன்.

ரிட்டயர் ஆன பிறகு அவர் பார்க்க எதுவும் விழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். ஷிப்ட் மாறும் நேரத்துக்குக் கடிகாரத்தைப் பார்த்தார். சோறு வைத்தால் பாதியில் எழுந்துகொண்டார். ஞானரத்தினத்துக்குப் பயமாகிவிட்டது. அவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

அப்போதுதான் ஒருநாள் வானொலியில் யாரோ ஒருவர் பேசினார். செலவில்லாமல் வீட்டுக் குப்பையைக் குறைப்பது எப்படி என்பது பேச்சு. கடைகளில் பாலிதீன் பை பெருகத் தொடங்கியிருந்த காலம் அது. வேதசிரோமணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேச்சு முடிந்ததும், "ஞானம், இன்னும் கொஞ்சம் சோறு வை" என்றார்.

அந்த வானொலிக்காரர் குடும்பம் நல்லா இருக்கணும் என்று அவள் அன்றைக்கு முழங்கால் போட்டு ஜெபித்தாள். அடுத்த வாரமே, சொன்ன ஜெபத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வழி இருக்கிறதா என்று யோசிக்க வேண்டியதாயிற்று.

"இனிமே கடைக்குப் போனா துணிப்பை" என்று தொடங்கினார் அவர். "எண்ணெய் வாங்கத் தூக்குவாளி. பால் கவரக் கழுவிக் காயப்போட்டு பழைய பேப்பர்க்காரன்கிட்ட போடணும். தேஞ்ச சோப்ப புது சோப்புல ஒட்டணும். கிழிஞ்ச பனியன் கரித்துணி."

"இதெல்லாம் நான் கல்யாணமாகி வந்த நாள்லருந்து செய்யுதேன்."

"செய்யுத. ஆனா முறையா செய்யல."

அந்தச் சொல்லை அவள் பல நாள் மறக்கவில்லை. இவ்வளவு காலமும் அவள் கையில் தொங்கிய மஞ்சப்பையை இவர் நேற்றுத்தான் கண்டுபிடித்தவர் போலத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சொல்வதோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பாள். பீர்க்கங்காய்த் தோலில் துவையல் அரைப்பது ஊரில் எல்லோரும் செய்வதுதான். அவர் புடலங்காய்க் குடலில் கூட்டு வைக்கச் சொன்னார். வாழைக்காய்த் தோலில் பொரியல். முருங்கைக்காய்ச் சக்கையை வேகவைத்து ரசத்தில் பிழியச் சொன்னபோது அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நீங்களே வந்து பிழிஞ்சுக்கிடுங்க."

பிழிந்தார். குடித்தார். ராத்திரி முழுக்கக் கொல்லைக்கும் வீட்டுக்குமாக நடந்தார். அப்போதும், "ரசத்துல தப்பில்ல, புளி பழசு" என்றார்.

துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு குழி தோண்டினார். காய்கறிக் கழிவையெல்லாம் அதில் போட்டு மண்ணை மூடினால் உரமாகிவிடும் என்றார். உரமாவதற்கு முன்னால் நாற்றமாகியது. பெருச்சாளி வந்தது. அதைத் தேடி நாய் வந்தது. சுவருக்கு மேலே ஏசம்மாளின் தலை வந்தது.

"ஏக்கா, உங்க வீட்டுக் கொல்லையில என்ன செத்துக் கெடக்கு?"

"என் பொறுமை" என்றாள் ஞானரத்தினம்.

ஆனால் அதிசயமாக, பத்துப் பதினைந்து நாளில் நாற்றம் அடங்கிவிட்டது. எவ்வளவு போட்டாலும் குழி நிறையவில்லை.

"பாத்தியா? அம்புட்டும் மக்கிப் போச்சு" என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவர் சொன்னது பலித்துவிட்டதே என்பதில் அவளுக்கு எரிச்சல் இன்னும் கூடியது. ஒரே நிம்மதி, உடம்பு தேறிவிட்டதால் தினமும் காலையில் மில் நண்பர்களைப் பார்க்க ராஜபாளையம் கிளம்பிவிடுவார். அந்த நேரம்தான் அவளுடையது.

மக்காத குப்பைக்கும் லேசில் மக்காத சருகு, ஓடு வகைக்கும் அவர் வேறொரு திட்டம் வைத்திருந்தார். ஒருநாள் மூங்கில் கூடையைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது.

"கூடைய எங்க?"

"பரண்ல போட்டாச்சு. மில்லுலயும் இப்படித்தான் செஞ்சோம். எடம் இருந்தாத்தான் வேஸ்ட்டு விழும். எடத்தக் கொறச்சா வேஸ்ட்டு தன்னால கொறையும்."

"நான் மெஷினா?"

"கோவப்படாத. செத்த நேரம் யோசிச்சுப் பாரு."

அவள் யோசிக்கவில்லை. டின் நிறைந்ததும் மிச்சத்தைக் காகிதத்தில் சுற்றித் தெருமுனைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். அரை மணி நேரத்தில் வேதசிரோமணி அந்தப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார்.

"இது நம்ம வீட்டு வெங்காயச் சருகு."

"வெங்காயச் சருகுல உங்க பேரா எழுதியிருக்கு?"

"சுத்தியிருக்க பேப்பர்ல நான் போட்ட குறுக்கெழுத்து இருக்கு" என்றார்.

அவர் முகம் வாடிப்போயிற்று. நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார். மத்தியானம் சோறு பாதியில் நின்றது. ஞானரத்தினத்துக்குப் பழைய பயம் திரும்பி வந்தது. ஒரு பொட்டலம் சருகுக்காக இந்த மனுஷனை மறுபடி அந்தச் சுவரிடம் விட முடியாது.

வெள்ளிக்கிழமை மாலை பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பும்போது, டின்னில் இருந்ததையும் கொள்ளாததையும் சேர்த்து மஞ்சப்பையின் அடியில் வைத்து, மேலே வேதாகமத்தை வைத்தாள். பிறகு மனசு கேட்காமல் வேதாகமத்தை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். சர்ச்சுக்குப் போகிற திருப்பத்தில் ஒரு பெரிய சிமெண்ட் தொட்டி இருந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டுப் பையைக் கவிழ்த்தாள். அன்றைக்கு ஜெபத்தில் பாவமன்னிப்புப் பகுதி வந்தபோது அவள் குரல்தான் எல்லோரையும் விட ஓங்கிக் கேட்டது.

மறுநாள் காலையில் டின்னைத் திறந்த வேதசிரோமணி அப்படியே நின்றுவிட்டார். அடியில் ஒரு நூல் துண்டு மட்டும் கிடந்தது.

"ஞானம்! ஜெயிச்சுட்டியே ஏட்டி!"

அவர் கண் கலங்கியிருந்தது. அவள் வாயைத் திறந்தாள். அவர் இரண்டாவது தோசை கேட்டார். வாயை மூடிக்கொண்டாள்.

சந்தோஷத்தில் அவர் பிஸ்கட் டின்னை எடுத்துவிட்டுக் காபித்தூள் டப்பாவை வைத்தார்.

அதோடு விட்டாரா? தெருவில் உள்ள ஆண்களையெல்லாம் கூப்பிட்டு டப்பாவைத் திறந்து காட்டினார். வந்தவர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். வீட்டுக்குப் போய் அவரவர் கூடையைப் பரணில் போட்டார்கள்.

சாயங்காலமே ஏசம்மாள் வந்துவிட்டாள். சுவர் வழியாக அல்ல, நேரே வாசல் வழியாக.

"ஏக்கா, எங்க வீட்டுக்காரரு ஒரு டப்பா வச்சிருக்காரு. மூக்குப்பொடி டப்பா கணக்கா இருக்கு. வேதசிரோமணி அண்ணாச்சி வீட்டுல முடியுது, நம்ம வீட்டுல ஏன் முடியலன்னு கேக்காரு. நெசத்தச் சொல்லுங்க. எப்படிச் செய்யுதிய?"

"அது… சிக்கனமா…"

"எங்கிட்டயா சிக்கனம் பேசுதிய? நேத்து நீங்க நண்டுக் குழம்பு வச்சது தெருவுக்கே மணந்துச்சு. ஓடு எங்க?"

ஞானரத்தினம் கதவைச் சாத்திவிட்டு மஞ்சப்பையைக் காட்டினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் உட்கார இடமில்லை. தெருவின் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அம்மன் கோயிலுக்குப் போகிற வெள்ளைத்தாய்கூட ஒரு பையோடு திருப்பம் வரைக்கும் வந்துவிட்டு, "நான் சும்மா துணைக்கு வந்தேன்" என்று திரும்பிப் போனாள். எல்லார் கையிலும் மஞ்சப்பை. எல்லாப் பையும் காலி.

போதகர் தேவஇரக்கம் மெலிந்த, நல்ல மனிதர். வழக்கமாக நாலைந்து பேருக்கு முன்னால் பிரசங்கித்துப் பழகியவர். கூட்டத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது ஆவிக்குரிய எழுப்புதல் அல்லாமல் வேறென்ன?" என்றார். "தாகத்தோடு வந்திருக்கிற சகோதரிகளே, வாரம் ஒருநாள் உங்களுக்குப் போதாது. இனி தினமும் மாலை ஜெபக்கூட்டம்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து ஞானரத்தினத்தைப் பார்த்தார்கள்.

தினமும் கூட்டம் என்றதும் தொட்டி தாங்கவில்லை. வழிந்து தெருவில் இறங்கியது. பன்றிகள் வந்து குடியேறின. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நடுவில் ஒரு பன்றி வாசல்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

போதகர் அன்றைக்கு அறிக்கை வாசிக்கும்போது வருத்தப்பட்டார். "யாரோ அயல் தெருக்காரர்கள் நம் ஆலயத்துக்கு அருகில் குப்பையைக் கொட்டுகிறார்கள். நம்மில் இப்படிச் செய்கிறவர் யாருமில்லை என்று எனக்குத் தெரியும். இதைக் கண்காணிக்க அனுபவமுள்ள ஒருவர் வேண்டும்."

சபை முழுவதும் திரும்பி வேதசிரோமணியைப் பார்த்தது. அவர் எழுந்து நின்று தலைவணங்கினார்.

அன்றிலிருந்து தினமும் மாலையில் தொட்டிக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஸ்டூல் போட்டு, குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவரைத் தாண்டி ஜெபக்கூட்டத்துக்குப் போன பெண்களின் பைகள் கனத்தன. போனபடியே திரும்பி வந்தன. ஜெபம் நடக்கும்போது ஹாலுக்குள் ஒரு மாதிரி வாசம் அடித்தது. போதகர் ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார்.

"உங்களால வந்தது. நீங்களே வழி சொல்லுங்க" என்று ஏசம்மாள் ஞானரத்தினத்தின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஞானரத்தினம் யோசித்தாள். அவளுக்கு ராஜபாளையத்தில் ஓர் அக்காள் இருந்தாள். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் சர்ச்சுத் திருப்பத்தில் இருந்ததைவிடப் பெரிய தொட்டி இருந்தது. வேதசிரோமணி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறவர்.

"அக்காளுக்கு மூட்டுவலியாம். போய்ப் பாத்துட்டு வாரேன்" என்றாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி, தொட்டியில் கொட்டி, அதே பஸ் திரும்பும்போது ஏறி உட்கார்ந்து வந்துவிட்டாள். எவ்வளவு சுலபமான காரியம்! வீட்டு வாசலில் ஏசம்மாளும் வெள்ளைத்தாயும் இன்னும் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"நாளைக்கும் உங்க அக்காளைப் பாக்கப் போவியள்லா? இதையும் கொண்டு போங்க."

ஒரு பை இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. நண்டு ஓடும் முட்டை ஓடும் உடைந்த பிளாஸ்டிக் சீப்புமாக அவள் பஸ்ஸில் ஏறும்போது பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து நின்றுகொண்டார்கள். இத்தனை நாள் போய் வருவதற்கு மூட்டுவலி போதவில்லை. வலி வீக்கமாயிற்று. வீக்கம், நடக்க முடியாமல் படுக்கையாயிற்று.

"ஐயோ பாவம்" என்று வேதசிரோமணி உருகிப்போனார். "எலுமிச்சந்தோல் ஊறுகா போட்டிருக்கேன். எனக்குக் காலையில மில்லுக்காரங்களப் பாக்கவே நேரம் சரியாயிருது. நீ கொண்டுபோய்க் குடு. வாய்க்கு ருசியா இருக்கும்." கொட்ட வேண்டியதில் அதுவும் ஒன்று சேர்ந்தது. அதோடு போதகரிடமும் சொல்லிவைத்தார். மாலைதோறும் ஜெபக்கூட்டத்தில் ராஜபாளையத்துச் சகோதரியின் கால்களுக்காகச் சபையே மன்றாடியது. ஞானரத்தினம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

விளைச்சலை ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகை வந்தது. வாழைத்தாரும் பூசணிக்காயும் கோழியுமாக ஆலயம் நிறைந்திருந்தது. குப்பையில்லாத வீடு நடத்துவதற்காக வேதசிரோமணிக்குச் சால்வை போர்த்தினார்கள். அவர் மைக்கைப் பிடித்தார்.

"எனக்கு ஏன் சால்வ? ரிட்டயர் ஆகி உக்காந்தப்போ நானே ஒரு வேஸ்ட்டுன்னுதான் நெனச்சேன். என்னய எந்திரிச்சு நிக்க வச்சது ஞானம்தான். நான் சொன்னதத் தட்டாமச் செஞ்சா. அவகிட்ட ஒரு பொய், ஒரு களவு கெடையாது."

சால்வையைக் கொண்டுவந்து அவள் தோளில் போட்டார். அது அவளுக்குச் சிமெண்ட் மூட்டை போலக் கனத்தது.

அப்போதுதான் ஆலயத்தின் பின்வாசல் வழியாக ஒரு பூசணிக்காயை இடுப்பில் தூக்கிக்கொண்டு விறுவிறு என்று நடந்து வந்தாள் அவளுடைய அக்காள். முன்பும் பண்டிகைக்கு வந்து சபைக்கு அறிமுகமானவள், இந்தத் தடவை வருவதாகச் சொல்லாமலே வந்திருந்தாள்.

போதகர் இரண்டு கையையும் உயர்த்தினார். "சபையாரே, பாருங்கள்! படுக்கையாகக் கிடந்த சகோதரி நடக்கிறார்!"

"தோத்திரம்!" என்று கூரை அதிர்ந்தது.

அக்காள் பூசணிக்காயோடு நின்று நாலாபுறமும் பார்த்தாள். "ஏட்டி ஞானம், எனக்குக் காலு நல்லாத்தான இருக்கு? என்னத்துக்கு எல்லாரும் அழுதாவ?"

வேதசிரோமணி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எலுமிச்சந்தோல் ஊறுகாதான் மதினி! எனக்கு அப்பமே தெரியும்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஞானரத்தினம் முடிவு செய்துவிட்டாள். போதும். நல்ல மனுஷனை இதற்கு மேல் ஏமாற்ற முடியாது. கோபித்தால் கோபிக்கட்டும். சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் தானும் பக்கத்தில் உட்கார்ந்து அதே சுவரைப் பார்ப்பது. ஏற்கெனவே தெருக்காரிகள் கொடுத்துவிட்டுப் போன பைகள் அடுக்களையில் நாறிக்கொண்டிருந்தன. இதை மட்டும் கொட்டிவிட்டு வந்து உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான்.

மறுநாள் மத்தியானம் ராஜபாளையம் தொட்டியில் கடைசிப் பையையும் கவிழ்த்துவிட்டு வந்து பஸ்ஸில் உட்கார்ந்தாள். காலிப் பைகளை மடியில் வைத்துக்கொண்டதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கண்டக்டர் பொன்னுராஜ் டிக்கெட் கட்டோடு வந்து நின்றான். அந்த வழித்தடத்தில் வெகுகாலமாக ஓடுகிறவன்.

"என்னம்மா, மேலுக்கு முடியலயா?"

"ஒண்ணுமில்லய்யா. வீட்டுல தங்கமான மனுசன். அவருக்குத் தெரியாம இப்படிக் குப்பையத் தூக்கிட்டு அலையுதேன். இன்னைக்குச் சொல்லிரப்போறேன். அவியளுக்கு நெஞ்சு தாங்குமான்னு தெரியல."

பொன்னுராஜ் டிக்கெட்டைக் கிழித்து அவள் கையில் கொடுத்தான். மடியில் இருந்த மஞ்சப்பைகளையும் அவளையும் ஒருதரம் பார்த்தான்.

"அந்த மில்லு சாரு வீட்டம்மாதான நீங்க? அவரு காலை வண்டியில ஈரம் சொட்டச் சொட்ட ஒரு பை கொண்டாந்து இதே தொட்டியில கொட்டுதாரு, நீங்க மத்தியானம் கொண்டாந்து கொட்டுதிய. அம்புட்டையும் ஒருத்தரே கொண்டாந்தா தெனமும் ரெண்டு டிக்கெட்டு வேஸ்ட்டாகாதுல்லாம்மா?"